தோழர் ஒழித்த வௌவால்கள்

நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் லிஃப்டில் ஒரு படம் ஒட்டியிருக்கிறார்கள். டுரியான் பழம், அதன் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. போன வாரம் யாரோ அதை மதிக்காமல் ஒரு பழத்தைக் கொண்டுபோயிருக்கிறார்கள். பழம் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது, வாசனை மட்டும் லிஃப்டிலேயே தங்கி மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெண்மணி மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டேன். அவருக்குக் குமட்டுகிறது, எனக்கு எச்சில் ஊறுகிறது. தோழர் செல்வராசு இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

தோழர் துறைமுகத்தில் எனக்கு மூத்த கிராணி, அதாவது குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை காலையில் பசார் தெருவில் ஒரு மசாலா கடையின் மேல்மாடியில் எங்களுக்கு இயங்கியல் வகுப்பு எடுப்பார். கீழேயிருந்து ஏறும் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே கேட்போம். இயற்கையில் எல்லாப் பொருளுக்குள்ளும் அதன் எதிரியும் குடியிருக்கிறது, இரண்டும் மோதுகின்றன, மோதலில் புதியது பிறக்கிறது. விதை அழிந்தால்தான் மரம். தண்ணீர் சூடேறிச் சூடேறி ஒரு கட்டத்தில் ஆவி. இதற்குச் சாட்சியாக எங்கள் டீயைக் காட்டுவார். அவர் விளக்கி முடிப்பதற்குள் அது எதிர்த்திசையில் மாறி ஆறிப்போயிருக்கும். எனக்குப் பாதி புரியாது. புரியாததற்கெல்லாம் தலையாட்டுவதில் அந்த அறையில் என்னை மிஞ்ச ஆளில்லை.

அவருக்கு ஒரு டுரியான் தோட்டம் இருந்தது. அவருக்கு என்றா சொன்னேன்? அவர் மனைவி பாக்கியம் அக்காவுக்கு. அக்காவின் அப்பா பாயா தெருபோங் மலைச்சரிவில் நட்டு வளர்த்தது. வீடு கட்டும் கம்பெனி ஒன்று அதை விலைக்குக் கேட்டுக்கொண்டேயிருந்தது. மரம் காய்த்துக்கொண்டிருக்கும்வரை விற்கமாட்டேன் என்று அக்கா பிடிவாதமாக இருந்தார்.

பூக்கும் பருவத்தில் ஒரு காலை அங்கே போயிருந்தேன். மரத்தடி முழுக்கப் பூ. சம்பல் மிளகாய் விழுதில் வதக்குவதற்காக அக்கா அதைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். தோழர் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து நின்றார்.

"எல்லாம் வௌவால் வேலை தம்பி. ராத்திரி வந்து பூவ நாசம் பண்ணிட்டுப் போவுது. மரம் ஒரு பக்கம், வௌவால் ஒரு பக்கம். இதான் முரண்பாடு."

"பூவுன்னா விழத்தானே செய்யும்," என்றார் அக்கா, நிமிராமல். "எங்கப்பா காலத்துலயும் விழுந்துச்சு லா. அப்பவும் நான்தான் பொறுக்கினேன்."

"உனக்குப் புரியாது. முரண்பாட்டத் தீர்த்தே ஆவணும்."

தீர்த்தார். மரங்களுக்கு நடுவே மூங்கில் நட்டு வலை கட்டினார். சீனப் புத்தாண்டில் மிஞ்சிய பட்டாசை வாங்கி வந்து அந்தி சாய்ந்ததும் கொளுத்தினார். வௌவால்கள் போய்விட்டன. பூ மட்டும் முன்போலவே விழுந்துகொண்டிருந்தது. இரவு பூத்து விடியலில் உதிர்வது அதன் குணம் என்பதையும், அந்த ஓர் இரவுக்குள் மகரந்தத்தைச் சுமந்து மரத்துக்கு மரம் போய்க் காய் பிடிக்க வைப்பதே வௌவால்தான் என்பதையும் நான் பிற்பாடு எங்கேயோ படித்தேன். எதிரெதிரானவை ஒன்றையொன்று நம்பி வாழ்வதைப் பற்றி வாரா வாரம் வகுப்பெடுத்த மனிதர், அது தன் தோட்டத்திலேயே நடந்துகொண்டிருந்தபோது பட்டாசு கொளுத்தினார்.

அந்தப் பருவத்தில் பேருக்கு நாலு காய். தோழர் அசரவில்லை. வகுப்பில் அதற்கும் விளக்கம் வந்தது. "இது நிலைமறுப்பு, இருந்தது இல்லாமப் போறது. அடுத்த வருசம் நிலைமறுப்பின் நிலைமறுப்பு. காய்ச்சுக் கொட்டும் பாருங்க." தலையாட்டினோம். அடுத்த வருடமும் வலை கட்டினார், அடுத்த வருடமும் காய்க்கவில்லை. அக்கா தோட்டத்தை விற்றுக் கையெழுத்துப் போட்ட நாளில்கூட, பழையது போய்ப் புதியது பிறக்கிறது என்றாராம். நடக்கும் முன் ஒன்றும் தெரியாமல், நடந்த பிறகு எல்லாவற்றையும் விளக்கிவிடுகிற மனிதர்கள்மேல் அன்றைக்கு வந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அப்படி அந்தத் தோட்டத்து மண்ணில் பிறந்த புதிய அடுக்குமாடியில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். தோழர் இப்போது இல்லை. வகுப்பு நடந்த மாடி சுற்றுலாப் பயணிகளுக்கான காப்பிக் கடையாகிவிட்டது. அங்கே டீயை ஐஸ் போட்டே கொடுக்கிறார்கள், யாரும் பேசி ஆறவைக்க வேண்டியதில்லை. அந்தியில் பால்கனியில் நின்று பார்க்கிறேன், ஒரு வௌவாலும் கண்ணில் படுவதில்லை.

போன தீபாவளிக்கு அக்கா என் வீட்டுக்கு வந்திருந்தார். லிஃப்டில் ஏறியதும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விரலால் அதைத் தொட்டார்.

"எங்கப்பா தோட்டத்துல மிஞ்சினது இந்த ஒரு பழந்தான் தம்பி," என்றார். "அதையும் கோடு போட்டு அடிச்சிட்டாங்க."