சுருளிவேலின் இரண்டு நாள் தூசி

சுருளிவேல் அண்ணனை முதலில் பார்த்தபோது முகம் எது, பாறை எது என்று பிரித்தறிய முடியவில்லை. 1998, சித்திரை வெயில். திண்டுக்கல்லுக்கு வடக்கே ஒரு வெள்ளைக்கல் குவாரி. காந்திகிராமத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகக் கழுத்தில் அடையாள அட்டை மாட்டியவன் நான். சுரங்கத் தொழிலாளர் உடல்நல ஆய்வில் களப்பணியாளர் வேலை.

அங்கே பாறையில் துளை போடும் ஆள் அவர் ஒருவர்தான். பதினாறு வருஷமாக அதே வேலை. அவர் இடுப்பில் சின்னப் பம்பு ஒன்றையும், சட்டைக் காலரில் வடிகட்டித் தாள் வைத்த டப்பியையும் மாட்டிவிட்டேன். அவர் சுவாசிக்கும் காற்றைப் பம்பு எட்டு மணி நேரம் இழுக்கும். தாளில் சேர்ந்த தூசியைப் பிறகு எடை போடுவார்கள்.

"என்ன வெலை தம்பி இருக்கும்?"

"என் ஒரு வருஷச் சம்பளம்ணே. பத்திரமா பாத்துக்கங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா என் வேலை போயிரும்."

"அம்புட்டா? என் பொண்டாட்டி கழுத்துல கூட இம்புட்டுக்குப் போட்டதில்லையே" என்று சிரித்தார்.

மணிக்கொரு தடவை பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்தப் புழுதிக்குள் போக எனக்குப் பயம். தள்ளி நின்று கையசைப்பேன், அவரும் அசைப்பார். இரண்டு நாளும் சாயங்காலம் டப்பியைப் பளிச்சென்று கழற்றிக் கொடுத்தார். துடைத்துத் தருகிறார் போல என்று நினைத்து, சீல் வைத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

2003இல் அவர் மனைவி மூக்காயி என்னைத் தேடி வந்தார். "வாசப்படி ஏறவே அந்த மனுசனுக்கு மூச்சு வாங்குது தம்பி. ரெண்டு தடவ டிபி மாத்திரை தின்னாச்சு. சளியில கிருமியே இல்லைங்கிறாக."

அவரை அழைத்துப்போய் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், கல்தூசி நோயாக இருக்கலாம், ஆனால் இழப்பீடு கிடைக்க அதை மருத்துவக் குழுதான் எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார். குவாரியில் தூசி அதிகம் என்பதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டார்.

"நானே அளந்தேன் சார்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். துளை போடுபவருக்குத் தூசி அனுமதித்த அளவுக்குள். தள்ளி உட்கார்ந்து கல் உடைத்த பெண்களுக்கு வந்ததில் பாதிகூட இல்லை.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். "அன்னைக்கு மெஷின எப்படிண்ணே வச்சிருந்தீங்க?"

மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார். "ஈரத்துண்ட ரெண்டா மடிச்சு டப்பியச் சுத்திக் கட்டிட்டேன்ல. ஒரு பொட்டுத் தூசி படல. என்னால ஒங்க வேலைக்குக் கேடு வரக் கூடாதுல்ல தம்பி."

"அந்தத் துண்ட மூக்குல கட்டியிருக்கலாம்ல" என்றார் மூக்காயி.

"ஏன்டி, மூக்கு என்ன வெலை கொடுத்தா வாங்குனது?"

அறிக்கையில் என்ன இருக்கிறது என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

ஆய்வுத் தலைவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பொறுமையாகக் கேட்டார். "பேச்ச வச்சு நம்பர மாத்த முடியாதுப்பா. மறுபடி அளந்துட்டு வா" என்றார். குவாரி மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போய்ப் பார்த்தேன், விளிம்பு வரை தண்ணீர். விதிப்படி பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை என்று நானே எழுதிக் கையெழுத்திட்டு மருத்துவக் குழுவிடம் கொடுத்தேன். வாங்கிக் கோப்பில் வைத்தார்கள். முடிவு வந்தது: பழைய காசநோயின் பாதிப்பு, தூசிக்குச் சான்று இல்லை.

இது 2006. சுருளிவேல் வேடசந்தூர் சாலையில் தன் வீட்டில் இருக்கிறார். படுக்க முடியாததால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறார். மூன்றாவது தடவையாக டிபி மாத்திரை சாப்பிட்டு வருகிறார்.