ஸ்ரௌவ்வில் மாட்டுச் சந்தைக்கு இரண்டு தரம் போன சனிக்கிழமை

1985 செப்ரெம்பரில், ஒரு சனிக்கிழமை, ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள ஸ்ரௌவ்வில் என்ற ஊரின் மாட்டுச் சந்தைக்குப் போனோம். மாடு வாங்க அல்ல. என்னுடன் ரொறன்ரோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிய கெப்ரே, எத்தியோப்பியாவின் மலைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன். அங்கே மழை பொய்த்து இரண்டு வருடம். அவனுடைய தம்பியிடம் ஒரு சோடி உழவு மாடு இருந்தது. அது இருக்கிறதா, விற்றாயிற்றா என்று தெரியாமல் கெப்ரே பாதி உயிராகத் திரிந்தான். அவன் ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் அந்தச் சந்தையில் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டதும் புறப்பட்டுவிட்டோம்.

கார் சிவம் அண்ணையுடையது. இலங்கையில், பரந்தனில் வயல் செய்தவர். டவுன்ரவுனிலிருந்து ஐம்பது கிலோமீற்றர், ஒரு மணி நேரம். வழியில் கெப்ரே சொன்னதை அண்ணைக்குத் தமிழில் சொன்னேன். மழை இல்லாவிட்டால் தானிய விலை ஏறும். எல்லோரும் ஒரே நேரத்தில் மாட்டை விற்க ஓட்டுவதால் மாட்டு விலை விழும். வீடு நிறையத் தானியம் தந்த மாட்டுக்கு ஒரு மூட்டைகூடக் கிடைக்காது. கிடைத்த தானியத்தைத் தின்று முடித்தபின் மழை வந்தால், உழ மாடு இராது.

"பிறகு அவன் கூலிக்குத்தான் போகவேணும்," என்றார் அண்ணை. எப்போதும் பகிடி விடுகிறவர், காரை இன்னும் வேகமாக விட்டார்.

சந்தையில் கெப்ரேயும் ஊர்க்காரரும் தோளோடு தோள் முட்டி நலம் விசாரித்து, தங்கள் பாஷையில் பேச, நாங்கள் ஏலம் பார்த்தோம். ஏலத்துக்கு வந்த ஒரு கன்றைக் காட்டி, நல்லதா என்று கேட்டேன். அண்ணை நம்மவர் வழக்கப்படி தலையை ஆட்டினார். ஏலக்காரர் அதை விலை கேட்டதாக எடுத்துக்கொண்டார். கன்றை எங்கள் தலையில் கட்டுவதற்குள் ஊர்க்காரர் ஓடிவந்து காப்பாற்றினார்.

கெப்ரே சிரித்து அழுதுகொண்டு வந்தான். தம்பி ஒரு மாட்டை விற்றுவிட்டு மற்றதை வைத்திருந்தானாம். பக்கத்து வீட்டிலும் ஒன்றுதான் மிச்சம். அவர்கள் ஊர் வழக்கப்படி இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டி, முறை வைத்து இரு வீட்டு நிலத்தையும் உழுதிருக்கிறார்கள். மழை பெய்து பார்லியும் முளைத்துவிட்டது. எனக்கு அங்கேயே ஆடவேண்டும் போலிருந்தது.

திரும்பும்போது, மார்க்கம் என்ற ஊரை எட்டியதும் கெப்ரே நெற்றியில் அடித்துக்கொண்டான். மிஞ்சியது எந்த மாடு என்று கேட்க மறந்துவிட்டான். கறுப்பா, அவன் கன்றிலிருந்து வளர்த்த சிவலையா? நான் நேரத்தைப் பார்ப்பதற்குள் அண்ணை காரைத் திருப்பிவிட்டார்.

"எந்த மாடு எண்டு தெரியாமல் வீட்டை போனால் ஆருக்கு நித்திரை வரும்?"

இன்று போக நினைப்பவர்களுக்கு: அந்தப் பக்கமெல்லாம் இப்போது புது வீடுகள், சந்தை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். கார் இல்லாமல் போகாதீர்கள். எந்த ஏலத்திலும் வாயால் மட்டும் பதில் சொல்லுங்கள். கேட்கவேண்டியதைப் புறப்படுமுன் கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்காததால் பெற்றோலுக்கு மேலும் இரண்டு மூன்று டொலர் முடிந்தது.

மிஞ்சியது சிவலைதான். அதற்காக மூன்றாம் தரமும் போயிருப்போம்.