எங்க வக்கீல் பேப்பர் போட்டுட்டார்!

இன்னிக்குக் காலைல ஒரு கோர்ட் ஆர்டரைப் படிச்சுட்டு கிச்சன்ல டான்ஸ் ஆடினேன்.

(இங்க டெக்சாஸ் ஆலன்ல எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஜன்னல் வழியா பார்த்துட்டாங்க. பரவால்ல.)

விஷயம் தெரியாதவங்களுக்கு: நான் இங்க ப்ரீஸ்கூல் டீச்சர். போன வருஷம் என் வொர்க் பர்மிட்டை ரினியூ பண்ண ஒரு வக்கீலைப் பிடிச்சோம். ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டு, நானே போய் அவர் ஆபீஸ்ல குடுத்துட்டு வந்தேன். ஃபைல் பண்ணியாச்சுன்னு ரெண்டு தடவை சொன்னார்.

பண்ணவே இல்ல! பர்மிட் முடிஞ்சுது, வேலை போச்சு. என் கிளாஸ் பசங்களுக்கு ஒழுங்கா பை கூட சொல்ல முடியல.

அதை விட வலிச்சது அதுக்கப்புறம்தான். என் வீட்டுக்காரர் போன் பண்ணிக் கேட்டப்போ அந்த மனுஷன் கூலா சொன்னார்: "சார், உங்க வைஃப் ஃபார்மைக் குடுக்கவே இல்லையே."

நான் கொஞ்சம் மறதி கேஸ்தான். (கார் சாவியை ஃப்ரீஸர்ல வெச்சவ.) அதனால வீட்டுக்காரர் வாரம் ஒரு தடவையாவது மெதுவா ஆரம்பிப்பார்: "நல்லா யோசிச்சுப் பாரு. நிஜமாவே குடுத்தியா?"

கோயம்புத்தூர்ல இருக்கற எங்கம்மா வரைக்கும் அதே கேள்வி.

அப்புறம் வேற வக்கீலை வெச்சு பர்மிட் வாங்கி, வேலைலயும் திரும்பச் சேர்ந்துட்டேன். ஆனா நான் குடுத்தேன்னு நிரூபிக்க கைல ஒண்ணும் இல்ல. அதுக்காகவே வக்கீல்களை விசாரிக்கிற ஆபீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுத்தேன். விசாரணைல உண்மை வெளிய வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன்.

பார்த்தா ஒரு லெட்டர் வருது. விசாரணைக்கு முன்னாடியே லைசென்ஸை ரிசைன் பண்ணிக்கறேன்னு கேட்டிருக்காராம்!

வீட்டுக்காரர் ஐடி. லெட்டரைப் படிச்சுட்டு, "பேப்பர் போட்டுட்டான், எஸ்கேப்"னார்.

ஐடில பேப்பர் போட்டா, அதாவது ராஜினாமா பண்ணா, கேக் வெட்டி, கார்டுல எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்புவாங்க. இவருக்கும் கேக்கான்னு எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு. அதே வேகத்துல அந்த ஆபீஸுக்கு மெயில் தட்டினேன்: "ஹீ ஹேஸ் புட் பேப்பர்ஸ். கைண்ட்லி டூ நாட் ரிலீவ் ஹிம்."

ரெண்டு நாள் கழிச்சு அங்கேர்ந்து ஒரு லேடி போன் பண்ணாங்க. ரொம்ப சீரியஸா கேட்டாங்க, "மேம், என்ன பேப்பர்? அதை எங்க போட்டார்? எவிடென்ஸை அழிச்சுட்டாரா?"

(ஆள் அனுப்பி குப்பைத் தொட்டியைக் கிளறறதுக்குள்ள விளக்கிட்டேன்.)

அவங்க சிரிச்சு முடிச்சுட்டு சொன்னதுதான் மேட்டர். டெக்சாஸ்ல இப்படி ரிசைன் பண்றவர் சும்மா நழுவ முடியாதாம். அவர் என்னென்ன தப்பு பண்ணார்னு இவங்க முழுசா எழுதி கோர்ட்ல குடுப்பாங்களாம். அவர் ராஜினாமாவை வாபஸ் வாங்கலைன்னா, எழுதினது அத்தனையும் உண்மைன்னே கோர்ட் எடுத்துக்குமாம். யார் வேணா படிச்சுக்கலாம்.

அந்த ஆர்டர்தான் இன்னிக்கு வந்தது. லைசென்ஸ் காலி.

கூட இருந்த ஸ்டேட்மென்ட்ல மூணாவது பக்கம். நான் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் அவர் ஆபீஸ் ஃபைல்லயேதான் இருந்திருக்கு. 'ரிசீவ்டு'ன்னு ஸ்டாம்ப் வேற. நான் குடுத்த அதே தேதி!

அழுகை ஒரு பக்கம், டான்ஸ் ஒரு பக்கம்.

வீட்டுக்காரர் வாங்கி நின்னுக்கிட்டே படிச்சார். அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து ஃபேமிலி க்ரூப்ல அவரே போட்டு, கீழ டைப் பண்ணார்: "தப்பு வக்கீலோடது. இவளை நம்பாம இருந்தது என் தப்பு. ஸாரி."

இப்ப நீங்க சொல்லுங்க மக்களே, விசாரணைல இருக்கற வக்கீலை ரிசைன் பண்ண விடலாமா?

பண்ணதெல்லாம் எழுதி வெச்சுட்டு தாராளமா விடலாம்னு நான் கட்சி மாறிட்டேன்.

வீட்டுக்காரர் கேஸ் மட்டும் தனி. ஸாரியை வாங்கிக்கிட்டேன், ஆனா அதை ராஜினாமாவா ஏத்துக்கிட்டு விடறதா இல்ல. விசாரணை நம்ம கிச்சன்லயே தொடரும்!