அக்காவின் பதினேழு கைக்கடிகாரங்கள்

எங்கள் அக்கா பாபநாசத்துக்கு அருகே குடமுருட்டிக் கரையில் ஒரு சிற்றூரில் நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அம்மா சீக்கிரமே மறைந்துவிட, தம்பி தங்கைகள் எங்கள் மூவருக்கும் தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான். அப்பா குத்தகை நிலத்தில் பாடுபட்டு அவரைச் செவிலியராக்கினார். முத்துப்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களில் அக்காவின் கை படாமல் பிறந்த குழந்தைகள் குறைவு.

ஒருநாள் மீனவர் குடியிருப்புக்குப் பிரசவம் பார்க்கப் போனவர், படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தார். நாடி பார்க்க வைத்திருந்த கைக்கடிகாரத்துக்குள் உப்புத் தண்ணீர் புகுந்தது. “தூக்கிப் போட்டுடுங்கம்மா” என்றார் கடிகாரக் கடைக்காரர். அக்கா போடவில்லை. தையல் ஊசியும் சின்னத் திருப்புளியும் கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து ஓடவைத்தார். அதில் பிடித்த ஆசை கடைசிவரை விடவில்லை. நாகூர்ப் பழைய கடைகளில் தேடித்தேடிச் சாவி கொடுக்கும் கடிகாரங்களாக வாங்கினார். மொத்தம் பதினாறு சேர்ந்தன.

தெருவில் அறுவடை மிஷின் ஓடும் நாட்களில் தூசுக்குப் பயந்து எதையும் திறக்கமாட்டார். மற்ற நாட்களில் கூடத்தில் வெள்ளை வேட்டி விரித்திருக்கும். ஒரு திருகாணி தெறித்தால், “யாரும் காலைத் தூக்காதீங்க!” என்று குரல் வரும். நாங்கள் நின்றது நின்றபடி நிற்போம். அக்காவின் கணவர், எங்கள் அத்தான், “எனக்குச் சோறு போட மறந்தாலும் அதுங்களுக்குச் சாவி கொடுக்க மறக்கமாட்டா ஒங்கக்கா” என்பார். “அதுங்க உப்பு கம்மின்னு சொல்றதில்லையே” என்பார் அக்கா, தலை நிமிராமல்.

பதினேழாவது அப்பாவுடையது. அதை எழுதாமல் இக்கட்டுரை முழுமையாகாது.

அப்பா மறைந்தபின் பீரோவில் வைத்த அவர் கடிகாரம், காரியத்தன்று எடுத்தபோது நாலு இருபதில் நின்றிருந்தது. அவரோடு நின்றுவிட்டது என்று நான் நம்பினேன். அப்படியே அவர் படத்தின் முன் வைத்து, வருடக்கணக்கில் யாரையும் தொட விடவில்லை. ஒரு பொங்கலுக்கு வந்த அக்கா அதைக் கேட்காமல் எடுத்துப்போய்த் துடைத்து ஓடவிட்டார்.

“ஒன்ன யாருக்கா தொடச் சொன்னா? அது அப்பா போன நேரம்!”

“அவரு போன அன்னைக்குக் காலையில அதுக்குச் சாவி கொடுத்தது நான்தாண்டா. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் ஓடிட்டுத்தான் நின்னிருக்கு. ஒன் டைரியப் போய்ப் பாரு.”

நான் பார்க்கவில்லை. பதினொரு நாள் அவரோடு பேசவும் இல்லை. பன்னிரண்டாம் நாள் எடுத்துப் பார்த்தேன். ‘அப்பா, முற்பகல் 11.40’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அத்தனை வருடங்களில் இரண்டையும் ஒருமுறைகூட ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு. பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன்.

“பாத்தியா?”

“பாத்தேன்.”

“காபி போடவா?”

அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவேயில்லை. அப்பாவின் கடிகாரமும் அவரிடமே இருந்தது.

கடைசி இரண்டு வருடம் கை நடுங்கியதால் கடிகாரங்களைத் திறக்க முடியவில்லை. தினமும் காலையில் சாவி மட்டும் கொடுத்துவந்தார். மருத்துவமனையில் சேர்ந்த நாலாம் நாள் என்னிடம் கேட்டார்: “வீட்ல யாரு சாவி கொடுக்குறா?”

“நான்தான்” என்றேன். அது பொய்.

“அப்பாவுது எத்தன சுத்து வாங்குது?”

நான் விழித்தேன். அக்கா சிரித்துவிட்டார். “கொடுக்கல நீ.”

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். பதினேழும் நின்றிருந்தன. ஒவ்வொன்றாகச் சாவி கொடுத்து, திரும்பி வந்து சொன்னேன்: “இருபத்திரண்டு சுத்துக்கா.”

“அதான். அதுக்கு மேல இறுக்காத.”

அதுவே என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது. மறுநாள் காலை மறைந்தார். மணி பார்க்க எனக்குத் தோன்றவில்லை. என் டைரியில் அந்த நாளில் நேரம் இல்லை.

அக்காவைத் தாங்கிப் பிடித்த செவிலியர்களுக்கும், துக்கத்தின் பத்து நாளும் சமைத்துக் கொடுத்த எதிர்வீட்டாருக்கும், தொலைவிலிருந்து வந்து உடன் நின்ற உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த ஒரு வருடமாகப் பதினேழுக்கும் நான் சாவி கொடுத்துவருகிறேன். அத்தானும் நானும் பேசி முடிவு செய்திருக்கிறோம்: அப்பாவுடையது என்னிடம் இருக்கும். மற்றவை அக்காவின் படத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதலாண்டு நினைவு நாளில் அஞ்சலி செலுத்த வரும் நீங்கள், குடும்பத்துக்கு ஒரு கடிகாரமாக எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை சுற்று என்று சீட்டு கட்டியிருக்கிறேன். படத்தின் முன் வைத்துவிடாமல், கையில் கட்டிக்கொள்ளுங்கள்.