ஷாஸியா தப்பாக எழுதிய வினைச்சொல்

ஷாஸியாவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. போன் பேசினால் நடந்துகொண்டே பேசுவாள். சாப்பிட்ட கை காயுமுன் அடுத்த வேலைக்கு எழுந்துவிடுவாள். கணவர் இஃப்திகார் குவைத்தில் இருக்கிறார். இவள் விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு மாடி வீட்டில் இருந்தபடி, லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் உள்ள ஃபங்ஷன்கள் எனும் சிறு நிரல்களுக்கு விளக்கம் எழுதுகிறாள்.

நாம் ஒரு ஃபைலைச் சேமித்ததும் அது நேரே டிஸ்க்குக்குப் போய்விடுவதில்லை. முதலில் மெமரியில் தங்கும். கெர்னல் பிறகுதான் டிஸ்க்கில் எழுதும். இடையில் கரண்ட் போனால் போனதுதான். எந்த ஃபங்ஷன் எழுதத் தொடங்கிவிட்டு முடியுமுன்னே திரும்பிவிடும், எது எழுதி முடியும்வரை காத்திருக்கும் என்பதைப் புரோகிராமர்கள் இவள் எழுதுவது போன்ற விளக்கங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

போன ஆகஸ்டில் தங்கை மகளுக்கு நிச்சயம். மங்கலம்பேட்டை பஸ்ஸில் பாதி வழி போயிருப்பாள். முந்தின வாரம் அனுப்பிய விளக்கம் மனசுக்குள் ஓடியது. 'எழுதி முடிக்கும்' என்றா எழுதினோம்? அந்த ஃபங்ஷன் காத்திருக்கவே காத்திருக்காதே! எழுந்து கண்டக்டரிடம் போனாள்.

"நிறுத்துங்க, எறங்கணும்."

"மங்கலம்பேட்டைக்குத்தானேக்கா டிக்கெட் எடுத்தீங்க?" என்றார் கண்டக்டர்.

"வூட்டுல ஒண்ண அப்படியே வுட்டுட்டு வந்துட்டேன்."

"கேஸா?"

"அதுமாதிரிதாங்க."

எதிர் பஸ்ஸுக்கு இருபது நிமிடம் வெயிலில் நின்றாள். அம்மா ஜைத்தூன் பீவி மூன்று முறை போன் செய்துவிட்டார். "மாப்பிள்ள வூட்டுக்காரங்க வந்துட்டாங்க. எங்கடி இருக்குற?"

"வந்துடுறேம்மா."

வீட்டுக்கு ஓடி, செருப்பைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தாள். தப்பேதான். சரிபார்த்த மூன்று பேர் கண்ணிலும் படவில்லை. சத்தமில்லாமல் ஒரு சொல்லை மாற்றி அனுப்பிவிடலாம். ஆனால் அதை நம்பி ஏற்கெனவே யாராவது புரோகிராம் எழுதியிருந்தால்? 'முடிக்கும்' என்பதைத் 'தொடங்கும்' என்று திருத்திவிட்டு, நூற்றுக்கணக்கானவர்கள் படிக்கும் மெயிலிங் லிஸ்டில் எழுதினாள்: 'தவறு என்னுடையது. இந்த வரியை நம்பியவர்கள் தங்கள் புரோகிராமைத் திரும்பப் பாருங்கள்.' அனுப்பும் பட்டன் மேல் விரல் கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு அழுத்தினாள்.

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டிருந்தார்கள். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஷாஸியா நடந்ததைச் சொன்னாள்.

"முன்னபின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் சேதி சொல்ற. இவளுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவத் தோணலியா?" என்றார் ஜைத்தூன் பீவி.

ஷாஸியா தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, "என் மேலதான் தப்பு" என்றாள். அன்றைக்கு அதை இரண்டாவது முறையாகச் சொன்னாள். தங்கை பிரியாணித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

செவ்வாய்க்கிழமை பிரேசிலிலிருந்து ஒரு மெயில் வந்தது. அங்குள்ள ஒருவன் அவளுடைய வரியை நம்பி, ஃபைல்களுக்கு நகல் எடுத்துவைக்கும் பேக்கப் புரோகிராம் எழுதியிருந்தானாம். வெளியிடும் முன் திருத்திவிட்டதாகச் சொல்லி நன்றி கூறியிருந்தான். ஷாஸியாவுக்குச் சந்தோஷம்தான், ஒரு நிமிடத்துக்கு. அந்த மாதம் அவள் எழுதி அனுப்பிய விளக்கங்கள் இன்னும் ஆறு இருந்தன. முதலாவதைத் திறந்து, நின்றபடியே படிக்க ஆரம்பித்தாள்.