நடுப் பெடல்

லேத்தில் இரும்பு கடையும் கடைசல் பட்டறைக்காரிக்கு மற்றவர்கள் வைத்த பட்டப்பெயர் அரைநூல் அக்கா. ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதில் பாதி பிசகினாலும் செய்த சாமானைத் தூக்கிக் கடாசிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். கார்ப் பந்தயக்காரர்களுக்கெல்லாம் உதிரிபாகம் கடைந்து கொடுத்தவள் ஒரு நாளும் பந்தயச் சாலையில் சக்கரம் உருட்டியதில்லை. ஐம்பது வயதில் அந்த ஆசை அவளைப் பிடித்து ஆட்டியது.

பழைய இரும்புக் கடையில் ஒரு காரின் எலும்புக்கூடு கிடைத்தது. அவள் அப்பாவை விட மூத்த கார், ஒரே ஆள் உட்காரும் பந்தயக் கார். வெல்டிங் வேலை தெரிந்த தம்பியையும் இழுத்துப் போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினாள். முன்னால் இருக்கும் இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு நேர் நடுவில் ஓடினால், ஓட்டுபவர் அதற்கு மேல்தான் உட்கார வேண்டும். உயரம் கூடும், வளைவில் வண்டி சாயும். இதை வடிவமைத்தவரோ தண்டைக் கோணலாக ஒதுக்கிவிட்டு, இருக்கையைத் தரையோடு தரையாக இறக்கியிருந்தார். அதைக் கண்டுபிடித்த அன்று அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

"டேய், இந்த மனுஷன் மூளையைப் பாருடா! ஒரு சாண் கீழ இறக்கிட்டான்டா!"

பெடல்தான் வில்லங்கம். இப்போதைய கார்களில் பிரேக் நடுவில், ஆக்ஸிலேட்டர் வலது ஓரத்தில். இதில் ஆக்ஸிலேட்டர் நடுவில், பிரேக் வலது ஓரத்தில்; இடது ஓரத்துக் கிளட்ச் மட்டும்தான் மாறவில்லை. மாற்றினால் அது அந்தக் காரே இல்லை என்று அக்கா ஒரே பிடியாக நின்றாள். சாப்பாட்டு மேசைக்கு அடியில் மூன்று மரக்கட்டைகளை வைத்து மிதித்து மிதித்துப் பழகினாள். பரிமாற வந்த தம்பி மனைவி வாங்கிய உதைக்குக் கணக்கே இல்லை.

தம்பிக்கு ஒரே கவலை. பதற்றத்தில் அக்காவின் கால், சாதாரணக் கார் ஓட்டிய பழைய பழக்கத்துக்குப் போய்விட்டால்? சோதனை ஓட்டத்துக்கு முந்தின நாள், அவள் வெளியே போன நேரம் பார்த்து, பெடல்களை இப்போதைய கார் மாதிரி மாற்றிப் பூட்டிவிட்டான். காலையில் அவன் வாயைத் திறந்தபோதெல்லாம், "இப்போ எதுவும் பேசாதடா, கால் மறந்துடும்" என்று அடக்கிவிட்டாள்.

ஒரு சுற்று ஓட்டி, கோட்டில் நிறுத்திக் காட்டினால்தான் மதியப் பந்தயத்தில் இடம். இன்ஜினைத் தம்பியே சூடாக்கி வைத்தான். அதிகாரி கொடியை அசைத்தார். அக்கா கிளட்சை விட்டுக்கொண்டே நடுப் பெடலை ஆசையோடு ஒரு மிதி மிதித்தாள். கார் குலுங்கி நின்றது, இன்ஜின் அணைந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குனிந்து பார்த்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது தம்பி முகத்தில் ஈயாடவில்லை.

"நீயாடா?"

"உனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதேன்னுதான்க்கா..."

"வளைவுல பிரேக்குன்னு நினைச்சு ஆக்ஸிலேட்டரை மிதிச்சிருப்பேன்டா, பாவி!"

தம்பி அழுதேவிட்டான். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் நாலு வண்டி இருக்கும்மா. அதுக்குள்ள சரி பண்ணிட்டா ஓட்டுங்க. இல்லன்னா இந்த வருஷம் கிடையாது."

"இறங்குடா உள்ள!"

ஓட்டுபவர் உட்காரும் இடம் அக்காவின் இடுப்புக்கு அளவெடுத்த குழி. தம்பி தலைகீழாகப் புகுந்தான். வெளியே இரண்டு கால்கள் மட்டும் ஆடின. அவள் ஸ்பானரை நீட்ட நீட்ட, உள்ளேயிருந்து விசும்பலும் இரும்புச் சத்தமும் மாறி மாறி வந்தன. நாலாவது வண்டி முடிக்கும் நேரத்தில் ஆள் வெளியே வந்தான். அக்கா ஒவ்வொரு பெடலையும் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"நான் வேணா ஓட்டட்டுமாக்கா?"

"அடி வாங்குவ."

கொடி அசைந்ததும் கார் சீறிப் பாய்ந்தது. சுற்றை முடித்துக் கோட்டை நெருங்கியது. வேகம் குறையவில்லை. கோட்டையும் தாண்டிப் பறந்தது. அவசரத்தில் தானே பிரேக்கைச் சரியாகப் பூட்டவில்லையோ என்று தம்பிக்கு உயிரே போய்விட்டது. இரண்டாவது முறை வந்த கார், கோட்டின் மேல் அரை நூல் பிசகாமல் நின்றது.

அதிகாரி மூச்சிரைக்க ஓடி வந்தார். "என்னம்மா, மொதல்ல பிரேக் பிடிக்கலையா?"

"அதெல்லாம் நல்லாத்தான் பிடிச்சுது. மொத சுத்து எனக்கு சார். இது உங்களுக்கு."