ஆளுக்கொரு மக்ரூன்

போன வாரம் ஆபீஸில் மக்ரூன் டப்பா திறந்தார்கள். யாருக்கோ நிச்சயதார்த்தம். மரியாதைக்கு என்னிடமும் நீட்டினார்கள். நான் எடுக்கவில்லை.

"என்னக்கா, சுகரா?"

சுகரெல்லாம் இல்லை. போன வருஷம் எடுத்த ஒன்றே இன்னும் தொண்டையில் நிற்கிறது...

தூத்துக்குடியில் எதற்குத்தான் மக்ரூன் இல்லை? குழந்தை பிறந்தால், புரமோஷன் வந்தால், சண்டை தீர்ந்தால் – அரைக் கிலோ வாங்கி நீட்டிவிட்டால் விஷயம் முடிந்தது.

நான் வேலை பார்ப்பது ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில். பக்கத்து சீட்டில் ஒருத்தி இருந்தாள். பெயர் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்பது சட்டம். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதையே எழுதுகிறேன்.

மேனேஜரை எல்லாரும் அண்ணாச்சி என்போம். ஷிப்பிங் பில் சரிபார்க்கிற சாக்கில் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். கை தோளுக்கு வரும். அவள் நாற்காலியை முன்னால் இழுப்பாள். கையும் கூடவே வரும். நான் பார்த்திருக்கிறேன், பலமுறை.

ஒரு நாள் ஆபீஸின் உள் புகார் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"முன்னால அண்ணாச்சிகிட்ட சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனவதான?" என்றது ஆபீஸ். சிரித்துப் பேசினால் தோளை எழுதிக் கொடுத்ததாக அர்த்தமா?

குழுவுக்குத் தலைவி எங்கள் சீனியர் மேடம். ஒரு வாரம் கழித்து எல்லாரையும் கூப்பிட்டார். மேஜையில் மக்ரூன் டப்பா.

"அண்ணாச்சி வாங்கிட்டு வந்திருக்காவ. ஆளுக்கொண்ணு எடுங்க. இத்தோட விட்ருவோம்."

எடுத்தோம். நானும்தான். அவள் மட்டும் எடுக்கவில்லை. ஃபைலில் 'சமரசம் ஆயிற்று' என்று எழுதிக்கொண்டார் மேடம். அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. எங்கள் ஊரில் சண்டை அப்படித்தான் தீரும்.

ஆனால் பணியிடப் பாலியல் தொல்லைக்கான சட்டத்தில் அப்படித் தீராது. பாதிக்கப்பட்டவள் தானாகக் கேட்டால்தான் சமரசம். அவள் எங்கே கேட்டாள்? 'நான் சமரசம் கேட்கவில்லை, விசாரியுங்கள்' என்று மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, நீங்க பாத்தீங்கல்லா?"

"பாத்தேன்ளா."

"அதை அப்படியே எழுதித் தாங்க."

தருகிறேன் என்றேன். தரவில்லை.

மத்தியானம் எங்கள் டிபன் பாக்ஸ் எல்லாம் நடுவில் வந்துவிடும். ஒருத்தர் மீன் குழம்பு இன்னொருத்தர் சோற்றில். அந்த வட்டத்தில் அவளுக்கு இடமில்லாமல் போனது. வாட்டர் கேன் ஓரமாகத் தனியாகச் சாப்பிட்டாள். நான் வட்டத்தில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம்தான், வேறென்ன? நாலு நாள்.

ஐந்தாம் நாள் எழுதிக் கொடுத்தேன். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். குழுவில் வெளி உறுப்பினராக இருந்த வக்கீலம்மா விசாரணையை முறையாக நடத்த வைத்தார். புகார் நிரூபணமாகி, அண்ணாச்சிக்கு வேலை போனது.

அடுத்த மாதம் அவளும் ராஜினாமா கொடுத்தாள்.

"ஜெயிச்சாச்சுல்லா, ஏன் போற?"

"பேச ஆளில்லாத இடத்துல எத்தன நாளக்கா இருக்க?"

"நான் இருக்கேன்லா?"

"நீங்க அஞ்சாம் நாளுதானக்கா வந்தீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வலிக்கிறது. இப்போது வட்டத்தில் என்னையும் சேர்ப்பதில்லை, தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

புகார் கொடுக்க மூன்று மாதம் அவகாசம் தருகிறது சட்டம். பக்கத்தில் போய் உட்கார அவ்வளவு அவகாசம் கிடையாது.